பதின்மூன்றாவது அளவு

நேர்மையான ஒருவர், தனக்கே தெரியாமல், பதினேழு ஆண்டுகள் பொய் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

குணபூசணியின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் போகாது. சொல்பவருக்குத் தெரிந்தால்தான் அது பொய். தெரியாமல் சொன்னால் பிழை. பிழைக்கு வெட்கப்படலாம், குற்றவாளியாக வேண்டியதில்லை. பெரும்பாலான மனிதர்களுக்கு இந்தப் பாகுபாடு போதும். குணபூசணிக்கும் நாற்பத்தேழு வயது வரை போதுமாகத்தான் இருந்தது. 1990ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை பிற்பகலுக்குப் பிறகு போதவில்லை.

அவர் மலாய் நாட்டுத் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர். தந்தை ரயில்வே அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க உத்தியோகத்தில் நிலைத்துவிட்ட குடும்பம். அந்த வீட்டில் கையெழுத்துக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. தான் கண்ணால் பார்க்காத ஒன்றின் கீழே பெயர் எழுதுவது அங்கே எச்சில் கையால் பரிமாறுவதற்குச் சமம். குணபூசணி உதவித்தொகையில் இங்கிலாந்து சென்று கணிதத்தில் முதுகலை முடித்தார். முனைவர் பட்டத்துக்கு முன்பே உதவித்தொகை முடிந்துவிட்டதால் திரும்பி வந்தார். இங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. 1973இல் ஸ்ரீ கெம்பாங்கான் பக்கத்தில் இருந்த ஓர் அளவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

தொழிற்சாலைகளும் பட்டறைகளும் தங்கள் அளவுக் கருவிகளைக் கொண்டுவந்து சரிபார்த்துச் சான்றிதழ் வாங்கிப்போகும் இடம் அது. குணபூசணிக்குக் கிடைத்தது கோணப் பிரிவு. சன்னல் இல்லாத, எப்போதும் குளிரூட்டப்பட்ட ஓர் அறை. நடுவில் கருங்கல் மேசை. மேசைமேல் ஒரு நீண்ட குழல். அதற்கு ஆட்டோகாலிமேட்டர் என்று பெயர். அதற்குள் ஒரு விளக்கும் ஒரு சிலுவைக் கோடும் இருக்கும். சிலுவையின் ஒளி வெளியே போய் எதிரிலுள்ள கண்ணாடியில் பட்டு அதே குழலுக்குள் திரும்பி வரும். கண்ணாடி ஒரு துளி சாய்ந்திருந்தால் திரும்பி வந்த சிலுவை ஒரு துளி விலகி விழும். பார்ப்பவர் ஒரு சிறு உருளையைத் திருகி, மெல்லிய கோடு ஒன்றை அந்தச் சிலுவைமேல் பொருத்தி, உருளையில் உள்ள எண்ணைப் படித்து எழுதிக்கொள்ள வேண்டும்.

எண்கள் விகலையில் வரும். ஒரு பாகையின் மூவாயிரத்து அறுநூறில் ஒரு பங்கு விகலை. பிரிக்பீல்ட்ஸில் நிற்பவரின் கண்ணுக்கு, மூன்றரை கிலோமீட்டர் தள்ளியுள்ள சௌக்கிட்டில் ஒருவர் உயர்த்திப் பிடித்திருக்கும் ஐந்து சென் நாணயத்தின் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான். குணபூசணியின் சான்றிதழ்கள் அதில் கால் பங்குக்குப் பொறுப்பேற்றன.

அளக்க வரும் பொருள்களில் முக்கியமானது பாலிகன். உள்ளங்கையளவு எஃகு வட்டு. விளிம்பைச் சுற்றிப் பன்னிரண்டு கண்ணாடி முகங்கள். அதைச் சுழலும் மேடையில் வைத்து, முகம் முகமாகக் குழலுக்கு நேரே திருப்பி, ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். பன்னிரண்டும் முடிந்தபின் மீண்டும் முதல் முகத்துக்கு வந்து பதின்மூன்றாவது தடவையாக அளக்க வேண்டும். தொடங்கியபோது கிடைத்த எண்ணே இப்போதும் கிடைத்தால் சுற்று மூடியது என்பார்கள். கிடைக்காவிட்டால் இடையில் விளக்கின் சூடோ அறையின் காற்றோ குழலை நகர்த்தியிருக்கிறது. அந்தச் சுற்றைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

குணபூசணியின் சுற்றுகள் மூடின. ஒன்றிரண்டு அல்ல, ஆண்டு முழுவதும் மூடின. வேறு ஊர்களிலிருந்து வந்த நிபுணர்கள் அவர் எண்களைப் பார்த்துவிட்டு அவர் கண்களைப் பார்த்தார்கள். இதைத் திறமை என்று சொல்லலாம். அன்று எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

வேலைமுறையில் அவர் ஒரு மாற்றம் செய்திருந்தார். கையேட்டின்படி ஒருவர் குழலில் பார்த்துக் கோட்டைப் பொருத்த வேண்டும், இன்னொருவர் உருளையைப் படித்து எழுத வேண்டும். குணபூசணி இரண்டையும் தானே செய்தார். கையெழுத்துத் தன்னுடையது என்றால் எண்ணும் தன் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். மறுத்துப் பேச யாருக்கும் தோன்றவில்லை. அது ஒழுக்கம் போலவே இருந்தது.

1988இன் இறுதியில் சபாபதி வந்து சேர்ந்தான். காப்பார் ஊர்க்காரன், மின்னணுப் பொறியாளன், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் முதல் பட்டதாரி. கிள்ளானில் வாடகை அறை எடுத்து, அங்கிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவான். முதல் வாரமே கேண்டீனில் குணபூசணியின் எதிரே தட்டை வைத்து உட்கார்ந்தான். அவரோடு சேர்ந்து சாப்பிட மற்றவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். இவன் தயங்கவில்லை.

"இங்கிலாண்டுல என்ன படிச்சீங்கன்னு கேட்டா யாருக்குமே சொல்ல மாட்டேங்கறீங்களாம். சீக்ரெட்டா அக்கா?"

"சீக்ரெட் எல்லாம் இல்ல தம்பி. சொன்னா நீங்க சாப்பாட்ட விட்டுட்டு எழும்பி ஓடுவீங்க."

"நான் காப்பார்க்காரன் லா. காட்டுப்பன்னி வந்து நின்னாலும் சாப்பாட்ட விட மாட்டேன்."

குணபூசணி அவன் தட்டிலிருந்த உளுந்து வடையை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"இதுக்கு மேல ஒரு எறும்பு நடக்குது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு நம்பர் குடுத்திருக்கு. சின்னதா ஒரு சுத்து சுத்தி, பொறப்பட்ட இடத்துக்கே வந்தா கூட்டுத்தொகை பூச்சியம். வடையில எந்த மூலையில அப்படிச் சுத்தினாலும் பூச்சியம். சரியா?"

"சரி."

"ஆனா நடுவுல இருக்கிற ஓட்டையச் சுத்தி வந்தா பூச்சியம் வராமப் போகலாம். எல்லா அடியும் சரிதான், ஒரு பிழையும் இல்ல. இருந்தும் கடைசியில ஒரு மிச்சம். அந்த மிச்சம் எந்த அடியோட குத்தமும் இல்ல. நடுவுல ஓட்டை இருக்குன்னு அது சொல்லுது."

"அட."

"ஓட்டைக்குள்ள புகுந்து வெளிய வந்து இன்னொரு விதமாவும் சுத்தலாம். அதுக்கு வேற மிச்சம். இந்த மிச்சங்களக் கூட்டலாம், ஒண்ணோட ஒண்ணு பெருக்கலாம். அந்தக் கூட்டல் பெருக்கல் ஏற்பாட்டுக்குப் பேர்தான் கோஹோமாலஜி வளையம். நான் அதத்தான் படிச்சன். வடையவிடச் சிக்கலான உருவங்களுக்கு, இயற்கணிதத்த வெச்சு."

சபாபதி வடையைத் திருப்பி வாங்கிச் சட்னியில் தோய்த்தான்.

"அப்போ சட்னி எந்த டைமென்ஷன் கா?"

குணபூசணி சிரித்த சத்தம் கேண்டீனில் கேட்டது அன்றுதான் முதல் தடவை என்பார்கள். இப்போது எண்ணிப் பார்த்தால் வேறொன்று உறுத்துகிறது. மூடாத சுற்றுகளைப் பற்றி இளமையில் ஆண்டுக்கணக்காகச் சிந்தித்த ஒருவர், எல்லாச் சுற்றும் மூடிக்கொண்டிருந்த ஓர் அறையில் பதினேழு ஆண்டுகள் இருந்திருக்கிறார். அதில் வியப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று அவரும் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.

சபாபதியை வரவழைத்ததற்குக் காரணம் வேலைப்பளு. நாட்டில் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. பாலிகன்கள் வரிசையில் காத்துக்கிடந்தன. பார்க்க இருந்தது ஒரு ஜோடிக் கண். குழலின் பின்புறம் ஒரு கேமராவைப் பொருத்திப் படத்தைக் கணினிக்கு அனுப்பினால், சிலுவை எங்கே விழுந்திருக்கிறது என்பதைக் கணினியே கண்டுபிடிக்கும். மேடையை மோட்டார் திருப்பும். ஒருவரும் உள்ளே நிற்க வேண்டியதில்லை. இதைச் செய்து முடிப்பதுதான் அவன் வேலை.

கூடத்தின் இயக்குநர் என்சிக் ஹம்சா, அதாவது திரு ஹம்சா, ஒரு நிபந்தனை விதித்தார். கேமராவைச் சோதிக்க இந்த நாட்டில் ஓர் அளவுகோல்தான் இருக்கிறது, அது சிக் குணாவின், அதாவது செல்வி குணபூசணியின், கண். அதோடு கால் விகலைக்குள் ஒத்துப்போனால் கேமராவை ஏற்றுக்கொள்ளலாம் என்றார். சபாபதி குழலுக்குள் அரைக்கண்ணாடி ஒன்றை வைத்தான். திரும்பி வரும் ஒளியில் பாதி கேமராவுக்கும் பாதி குணபூசணிக்கும் போனது. ஒரே சிலுவையை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

முதல் முகத்தில் ஒத்துப்போனது. இரண்டாவதிலும் ஒத்துப்போனது. பன்னிரண்டாவது வரை கண்ணும் கேமராவும் பத்தில் ஒரு விகலைக்குள் நின்றன. சபாபதி கையைத் தேய்த்துக்கொண்டான். மேடை மீண்டும் முதல் முகத்துக்கு வந்தது. குணபூசணி கோட்டைப் பொருத்தி எண்ணை எழுதினார். தொடங்கியபோது வந்த அதே எண். கேமரா அரை விகலை தள்ளிக் காட்டியது.

மறுநாளும் அப்படியே. அடுத்த வாரமும் அப்படியே. பன்னிரண்டு சரி, பதின்மூன்றாவது மட்டும் தவறு.

"ஒங்க கேமராவுக்குப் பசி வந்துடுது போல, சபா," என்றார் குணபூசணி. "கடைசியில களைச்சிடுது."

"களைக்கிறதுக்கு அது என்ன ஓட்டப் பந்தயமா ஓடுது? ஒக்காந்து பாக்குது கா. அவ்வளவுதான்."

அவன் கேமராவை மாற்றினான். கம்பிகளை மாற்றினான். தன் நிரலை வரிவரியாகப் படித்தான். முதல் முகத்தில் கீறல் இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு ஐந்தாவது முகத்திலிருந்து தொடங்கினார்கள். இப்போது ஐந்தாவது முகம் இரண்டாம் முறை வரும்போது பிழை வந்தது. எந்த முகத்தில் தொடங்கினாலும், கடைசியில் எது வருகிறதோ அங்கே வந்து அந்தப் பிழை உட்கார்ந்தது. கூடத்தில் கேலி தொடங்கிவிட்டது. காப்பார் கேமராவுக்கு வீடு திரும்பும் வழி தெரியாது என்றார்கள்.

என்சிக் ஹம்சா மாத முடிவு வரை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அதற்குள் சரியாகாவிட்டால் திட்டத்தை மூடிவிட்டு, சபாபதியை மின்மானிகள் பழுதுபார்க்கும் பிரிவுக்கு அனுப்புவதாக முடிவு. ஒன்றரை ஆண்டு வேலை போய்விடும். சபாபதி கேண்டீனில் வாய் திறப்பதை நிறுத்தினான்.

கேமராவை விட்டுவிட்டுக் கண்ணையும் ஒரு தடவை சோதிக்கலாம் என்று முதலில் சொன்னவர் குணபூசணிதான். இதற்காக அவரைப் பாராட்டலாம், அளவோடு. அவருக்கு அப்போது தன்மேல் சந்தேகம் எதுவும் இல்லை. தன் கண்ணை நூறு விழுக்காடு நம்பியதால்தான் அதைச் சோதனைக்கு உட்படுத்த அவருக்கு அச்சம் தோன்றவில்லை. தன்னிடத்தில் பிழை இல்லை என்று காட்டி அந்த வழியை அடைத்துவிட்டால், சபாபதி வேறு இடத்தில் தேடுவான் என்று நினைத்தார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மற்றவர்கள் போனபின் இருவரும் கோணப் பிரிவில் இருந்தார்கள்.

"சபா, உருளைய ஒரு தாளால மூடுங்க. எனக்கு நம்பர் தெரியக் கூடாது. நான் கோட்ட வெக்கிறன். நீங்க பாத்து எழுதுங்க. என்கிட்டச் சொல்ல வேண்டாம்."

"கையேட்டுல இருக்கிற மாதிரியே செய்யப்போறோமா? என்னக்கா, வயசாயிடுச்சா?"

"வாய மூடிட்டு எழுதுங்க."

பன்னிரண்டு முகமும் முடிந்தது. பதின்மூன்றாவதற்குக் கோட்டைப் பொருத்திவிட்டு அவர் நிமிர்ந்தார். சபாபதி தாளைக் கொஞ்சம் தூக்கி எண்ணைப் பார்த்தான். கணினித் திரையைப் பார்த்தான். மறுபடியும் எண்ணைப் பார்த்தான்.

"என்ன?"

"அக்கா, இன்னொரு தடவ செஞ்சுடலாமா?"

இன்னொரு தடவை செய்தார்கள். பிறகு மூன்றாவது தடவையும். பதின்மூன்றாவது எண் முதல் எண்ணிலிருந்து அரை விகலை விலகியிருந்தது. கேமரா சொன்னதும் அதையேதான். கண்ணும் கேமராவும் முதல் முகம் முதல் கடைசி வரை ஒத்துப்போயின. சுற்றுதான் மூடவில்லை.

சபாபதி எழுதிய எண்களைக் குணபூசணி கையில் வாங்கி வரிசையாகப் பார்த்தார். குழலில் ஏதோ இன்றைக்குச் சூடு கூடிவிட்டது என்றார். உருளையை மூடியிருந்த தாளை எடுத்துவிட்டு எப்போதும் போலத் தானே பார்த்துத் தானே எழுதிக் காட்டுவதாகச் சொன்னார். செய்தார். சுற்று மூடியது. கடைசி எண், முதல் எண்ணேதான்.

"பாத்தீங்களா?" என்றார்.

சபாபதி மேசையின் பக்கவாட்டில் நின்று அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? மத்த பன்னெண்டுக்கும் ஒரே தடவதான் கோட்ட வெச்சீங்க. வெச்சீங்க, படிச்சீங்க, எழுதினீங்க. இந்தக் கடைசிக்கு வெச்சீங்க, உருளையப் பாத்தீங்க, எழுதல. திரும்பக் குனிஞ்சு இன்னொரு தடவ வெச்சீங்க."

"இல்லையே. ஒரு தடவதானே வெச்சன்."

"இல்ல கா. அஞ்சு தடவ."

"என்ன அஞ்சு தடவ? விளையாடாதீங்க சபா."

"நம்பர் சரியா வந்ததும் நிறுத்திட்டீங்க."

அவர் முகம் சிவந்தது. பதினேழு வருடமாகத் தான் செய்யும் வேலை தனக்குத் தெரியாதா என்று கேட்டார். இன்னொரு சுற்று செய்யுங்கள், கடைசியில் நான் சத்தமாக எண்ணுகிறேன், அவ்வளவுதான் என்றான் சபாபதி.

மறுபடி பன்னிரண்டு முகம். மேடை திரும்பி முதல் முகம் வந்தது. குணபூசணி குனிந்து உருளையைத் திருகினார். நிமிர்ந்து எண்ணைப் பார்த்தார். "ஒண்ணு," என்றான் சபாபதி. அவர் குனிந்தார், திருகினார், பார்த்தார். "ரெண்டு." மீண்டும் குனிந்தார். "மூணு, அக்கா."

குணபூசணி சூடான சட்டியைத் தொட்டவர் போல உருளையிலிருந்து கையை இழுத்துக்கொண்டார். அந்தக் கையை மற்றக் கையால் பிடித்தபடி பின்னால் நகர்ந்து சுவரோடு நின்றார். தன் கை அவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. யாரோ ஒருத்தி தன் சட்டைக் கைக்குள் அவள் கையை நுழைத்து இத்தனை ஆண்டுகள் வேலை செய்துகொண்டிருந்தது போல் இருந்தது என்று பின்னொரு நாள் தன் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, ஏமாற்றும் எண்ணம் அவரிடம் எங்கும் இல்லை என்பதே. கடைசி அளவு முக்கியமானது. ஆகவே அதற்குக் கூடுதல் கவனம் கொடுத்தார். எண் சரியாக வராதபோது, தன் கை தவறியிருக்கும் என்று அடக்கத்தோடு நினைத்து மறுபடி பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கை தன்னையறியாமல் கோட்டை முதல் எண்ணின் பக்கம் சற்றே தள்ளியது. சரியாக வந்ததும், கவனம் பலித்தது என்று நிறுத்தினார். அக்கறையில்லாத ஒருவராக இருந்திருந்தால் முதல் எண்ணை அப்படியே எழுதிவிட்டுப் போயிருப்பார், உண்மையும் வெளிவந்திருக்கும். அவருடைய பிழை முழுக்க அவருடைய நல்ல குணங்களால் ஆனது. கணினிக்கும் முதல் எண் தெரியும். ஆனால் அது திரும்பி வர வேண்டும் என்ற ஆசை அதற்கு இல்லை.

விளைவு சிறியது அல்ல. மூடியதாக அவர் எழுதிய சுற்றுகளில் எத்தனை உண்மையில் மூடாதவை என்று சொல்ல வழியில்லை. குழல் நகர்ந்திருந்தால் நடுவிலுள்ள முகங்களின் அளவுகளும் கோணியிருக்கும். கால் விகலைக்குப் பொறுப்பேற்று அவர் கையெழுத்திட்ட சான்றிதழ்களில் பல அந்தப் பொறுப்பைத் தாங்காது.

அன்று மாலை பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போனவர் சாப்பிடவில்லை. அவரோடு இருந்தவர் அக்கா இராசேஸ்வரி. கணவர் இறந்தபின் தங்கையோடு வந்து தங்கியவர். ஞாயிறும் அப்படியே போனது. பக்கத்துக் கோயிலில் பூசைக்குக் கூப்பிட்டும் வரவில்லை. திங்கள் காலை இராசேஸ்வரி பொறுமையிழந்து நடந்ததை முழுவதும் சொல்லவைத்தார்.

"இதென்ன கண்டறியாத கதை? யாராவது செத்தவையே?"

"இல்லை."

"பாலம் கீலம் இடிஞ்சு விழுந்ததே?"

"அக்கா, அது இல்லை விசயம். நான் பாக்காததைப் பாத்தன் எண்டு எழுதியிருக்கிறன். எங்கட அப்பாவின்ர பிள்ளை."

"அப்பா மட்டும் என்ன, தேவலோகத்திலயிருந்து குதிச்சவரோ? அவர் பாத்து எழுதினதெல்லாம் அவருக்குத் தெரிஞ்ச மட்டும்தான்." இராசேஸ்வரி தேநீர்க் கோப்பையைத் தங்கையின் பக்கம் தள்ளினார். "இப்ப என்ன செய்யப்போறாய்?"

"எல்லாச் சான்றிதழையும் திருப்பிக் கேக்கப்போறன். பிழை என்ர எண்டு எழுதி, பேரும் போடப்போறன்."

"பேர் எதுக்கு?"

"அப்பதான் அது முடியும்."

"உனக்கு எப்பவும் எல்லாத்தையும் கொண்டுவந்து முடிச்சுப் போடவேணும்," என்றார் இராசேஸ்வரி. "முடிச்சுப் போடாட்டி நித்திரை வராது. குடி, ஆறுது."

என்சிக் ஹம்சா கெட்டவர் அல்லர். குணபூசணி சொன்னதை நின்றபடியே கேட்டார். பாதியில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கேமராவை அன்றே ஏற்றுக்கொண்டார். மற்றதைப் பற்றி அவர் மலாயில் மெதுவாகப் பேசினார்.

"சிக் குணா, திரும்ப அழைப்பதில் எனக்கு மறுப்பில்லை. செய்யத்தான் வேண்டும். ஆனால் காரணம் என்று ஒரு வரி எழுதினால் போதும். கருவியில் நகர்வு இருந்தது. அது உண்மைதானே? நகர்வு இல்லாவிட்டால் நீங்கள் மறைத்திருக்க ஒன்றுமே இருந்திருக்காதே."

"கருவி நகர்ந்தது உண்மை. நகர்ந்ததைச் சொல்லத்தான் பதின்மூன்றாவது அளவு இருக்கிறது. அதைச் சொல்லவிடாமல் செய்தது நான்."

"நீங்கள் அறிந்து செய்யவில்லை."

"சான்றிதழில் 'அறிந்தவரை' என்று நான் எழுதியதில்லை."

சபாபதியும் இயக்குநரின் பக்கமே நின்றான். தன் கேமரா வென்றுவிட்டது என்ற மகிழ்ச்சி அவனிடம் கொஞ்சமும் தென்படவில்லை. வாகனம் நிறுத்துமிடத்தில் அவரை மடக்கினான்.

"எதுக்குக்கா இந்த வேல? 'இன்ஸ்ட்ரமண்ட் டிரிஃப்ட்'னு போட்டா யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டான். ஒங்க பேரப் போட்டா பதினேழு வருசத்தையும் பத்து நிமிசத்துல பேசி முடிச்சிருவானுங்க."

"பேசட்டும்."

"ஒங்க ஆளுங்களுக்குக் கையெழுத்துன்னா சாமி மாதிரி. எங்கப்பா கைநாட்டு. அவரு நிம்மதியா தூங்குறாரு, தெரியுமா?"

குணபூசணி சிரிக்கவில்லை. இயக்குநரிடம் போய், தன் பெயரும், குழலில் பார்த்து அளந்தவரின் தவறு என்று பொருள்படும் 'பார்வையாளரின் பிழை' என்ற சொற்களும் இல்லாமல் அறிவிப்பு போனால் தான் வேலையில் இருக்க முடியாது என்று சொன்னார். இரண்டு வாரம் இழுபறி நடந்தது. தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பேசிப் பார்த்தார். கூடத்தின் பெயருக்காகக் கெஞ்சினார், ஓய்வூதியத்தை நினைவூட்டினார். குணபூசணி அசையவில்லை. பிடிவாதம் என்று அதைச் சொன்னவர்கள் உண்டு. அது முழுப் பொய்யும் அல்ல. தன் குற்றத்தைத் தன் சொற்களில்தான் சொல்ல வேண்டும் என்று கேட்பவரிடம் ஒரு வகைச் செருக்கும் கலந்தே இருக்கும்.

கடைசியில் என்சிக் ஹம்சா இணங்கினார். அவர் கேட்டபடியே அறிவிப்பைத் தட்டச்சு செய்யச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை அது இயக்குநரின் மேசைக்கு வந்தது. சுருக்கமான ஒரு பக்கம். 1973 முதல் இந்தக் கூடம் பாலிகன்களுக்கு வழங்கிய எல்லாச் சான்றிதழ்களும் திரும்பப் பெறப்படுகின்றன. பாலிகன்கள் புதிய முறையில் கட்டணமின்றி மறுபடி அளக்கப்படும். கீழே, காரணம் என்ற இடத்தில்: பார்வையாளரின் பிழை, பார்வையாளர் குணபூசணி. அதற்கும் கீழே அவர் கையெழுத்துக்கு இடம்.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். இயக்குநர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சபாபதி கதவருகே நின்றான். குணபூசணி அந்தப் பக்கத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். மறுபடியும் முதல் வரிக்கு வந்து இன்னொரு தடவை படித்தார். ஒரு மிச்சமும் இல்லாமல் எல்லாம் சரியாக மூடியிருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றினார்.

காரணம் என்ற வரியில் தன் பெயரையும் அதற்கு முன்னிருந்த சொற்களையும் ஒரே கோட்டால் அடித்தார். அதன் மேலே, தெளிவான கையெழுத்தில், 'கருவியில் நகர்வு' என்று எழுதினார். கையெழுத்திட்டார். இதைப் புதிதாக அடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று இயக்குநரிடம் நீட்டினார்.

என்சிக் ஹம்சா வாங்கிப் பார்த்தார். தட்டச்சுக்கு அனுப்பினார். ஏன் மாற்றினீர்கள் என்று சபாபதி பிறகு கேட்டான். ஒரு தடவை அல்ல, அவர் ஓய்வுபெறும் வரை ஆண்டுக்கு ஒரு தடவையாவது கேட்டான். இராசேஸ்வரியும் கேட்டார். பயமா, இரக்கமா, களைப்பா, அல்லது இவை எதுவும் இல்லாத வேறொன்றா என்று அவரவர் ஓர் ஊகம் வைத்துக்கொண்டார்கள். குணபூசணி எந்த ஊகத்தையும் மறுக்கவில்லை, எதையும் ஒப்புக்கொள்ளவும் இல்லை.